சோற்றோடு சேர்ந்த மேல்நாட்டுச் சாப்பாடு
ஜப்பானியக் குடும்பக் கடைகள் சொல்லும் வியாபாரப் பாடம்

வாடிக்கையாளர் இதுவரை பார்த்தறியாத சரக்கை அவருக்கு விற்பது எப்படி? கடை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் என்றாவது ஒரு நாள் எழும் கேள்வி இது. சரக்கு நல்லதாகவே இருக்கலாம், விலையும் நியாயமாக இருக்கலாம். ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டு போய் என்ன செய்வது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அது அலமாரியிலேயே தூசி படிந்து கிடக்கும்.

புதுச்சேரி வணிகர்களுக்கு இது பழகிய விஷயம். 1674-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே நிலையாக அமர்ந்தது முதல், 1954 நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது வரை, மேல்நாட்டுச் சரக்குகள் இந்த ஊர்க் கடைத்தெருவில் புழங்கியிருக்கின்றன. ரொட்டி அடுப்பு முதல் கேக் வரை பலவற்றை நம் மக்கள் ஏற்றுக்கொண்டு தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். இதே வேலையை வேறொரு ஆசிய நாடு எப்படிச் செய்தது, அதைச் செய்த சிறிய குடும்பக் கடைகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எப்படி நிலைத்து நின்றன என்பதை அறிவது நமக்குப் பயன் தரும். அந்த நாடு ஜப்பான். அந்தச் சாப்பாட்டுக்கு அங்கே ‘யோஷோகு’ என்று பெயர்.

யோஷோகு என்றால் என்ன?

‘யோ’ என்றால் மேல்நாடு, ‘ஷோகு’ என்றால் உணவு. பெயர் மேல்நாட்டு உணவு என்றாலும், லண்டனிலோ பாரிஸிலோ போய்க் கேட்டால் இதில் பாதி கிடைக்காது. மேல்நாட்டுப் பண்டங்களை ஜப்பானியர் தங்கள் நாக்குக்கும் தங்கள் சோற்றுக்கும் ஏற்றபடி மாற்றிச் சமைத்ததே யோஷோகு. பொரித்த கட்லெட், உருளைக்கிழங்குக் கொரோக்கே, குழம்பு ஊற்றிய சோறு, ஆம்லெட்டில் பொதிந்த சோறு, ஹாம்பர்க் எனப்படும் கொத்துக்கறி வடை ஆகியவை இதில் முக்கியமானவை. பிரெஞ்சு முறைப்படி அப்படியே சமைக்கும் பெரிய ஓட்டல்கள் வேறு. யோஷோகு கடை என்பது பெரும்பாலும் தெருவோரத்தில், கணவன், மனைவி, மகன் என்று ஒரே குடும்பம் நின்று நடத்தும் சிறிய கடை.

இந்தச் சாப்பாடு அங்கே எளிதாக நுழைந்துவிடவில்லை. கி.பி. 675-இல் டென்மு என்ற பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைத் தின்பதற்குத் தடை போட்டார். பௌத்த சமயத்தின் செல்வாக்கும் சேர்ந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இறைச்சி பொதுமக்களின் அன்றாட உணவில் இடம் பெறாமல் இருந்தது. மீன், சோறு, சோயா, காய்கறி இவைதான் சாப்பாடு. 1853-இல் அமெரிக்கக் கப்பற்படை வந்து கதவைத் தட்டியது. 1859-இல் யோகோஹாமா துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. 1872 ஜனவரியில் பேரரசர் மெய்ஜியே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியானது. அரசாங்கம் மேல்நாட்டு உணவை முன்னேற்றத்தின் அடையாளமாகக் கண்டது.

ஆனால் அரசர் சாப்பிட்டார் என்பதற்காகக் குடிமக்கள் எல்லாரும் சாப்பிட்டுவிடுவார்களா? வெண்ணெய் வாசனை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ரொட்டி வயிற்றை நிரப்பவில்லை. கத்தியும் முள்கரண்டியும் கைக்குப் பழக்கமில்லை. இவை எல்லாவற்றையும் விட விலை எட்டவில்லை. இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்கியவர்கள் அதிகாரிகள் அல்லர், கடைக்காரர்களே.

செங்கல் வீதியில் ஒரு கடை

டோக்கியோவின் கின்சா பகுதி 1872-இல் பெருந்தீயில் எரிந்தது. மர வீடுகளுக்குப் பதிலாக அங்கே செங்கல் கட்டிடங்களை அரசு எழுப்பியது. அந்த நினைவாக ‘செங்கல் மண்டபம்’ என்று பொருள்படும் ‘ரெங்காதேய்’ என்ற பெயரில், கிடா மோட்டோஜிரோ என்பவர் 1895-இல் அதே கின்சாவில் ஒரு சாப்பாட்டுக் கடை தொடங்கினார். அந்தக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இன்றும் அதை நடத்தி வருகிறார்கள்.

ஆரம்பத்தில் அவர் சமைத்தது பிரெஞ்சு முறைச் சமையல். மெல்லிய இறைச்சித் துண்டில் ரொட்டித்தூள் தடவி, வெண்ணெயில் வாட்டி, பிறகு அடுப்புக்குள் வைத்து எடுப்பது பிரெஞ்சு வழக்கம். இதில் இரண்டு தொல்லைகள் இருந்தன. வெண்ணெய்ப் பிசுக்கு உள்ளூர் வாடிக்கையாளருக்குத் திகட்டியது. ஒவ்வொரு துண்டாக வாட்டி எடுப்பதற்கு நேரமும் அதிகம் பிடித்தது. கூட்டம் வரும் மதிய வேளையில் அது கட்டுப்படியாகாது.

ஜப்பானியருக்கு எண்ணெயில் முழுகப் பொரிக்கும் ‘தெம்புரா’ முன்பே பழக்கம். நம் ஊர் பஜ்ஜி போன்ற பண்டம் அது. கிடா அந்த வழியைப் பிடித்தார். பன்றி இறைச்சித் துண்டை ரொட்டித்தூளில் புரட்டி, நிறைய எண்ணெயில் பொரித்தெடுத்தார். இது 1899-இல் நடந்தது என்பது கடையின் வரலாறு. மொறுமொறுப்பும் கிடைத்தது, நேரமும் மிச்சமானது, ஒரே சட்டியில் பல துண்டுகளும் வெந்தன. வேலை சுலபமாவதற்குச் செய்த மாற்றம் ருசியையும் கூட்டியது.

அடுத்த மாற்றம் ஆள் பற்றாக்குறையால் வந்தது. 1904-இல் ரஷ்யாவோடு போர் மூண்டது. சமையலறையில் நின்ற இளைஞர்கள் படைக்கு அழைக்கப்பட்டார்கள். அதுவரை கட்லெட்டுடன் வேகவைத்த காய்கறிகளைப் பக்குவம் பண்ணி வைத்துக்கொண்டிருந்தார்கள். இனி அதற்குக் கை இல்லை. எனவே முட்டைக்கோஸைப் பச்சையாகவே நூல் நூலாக நறுக்கி ஒரு கைப்பிடி வைத்தார்கள். பொரித்த பண்டத்தின் எண்ணெய்த் திகட்டலை அது போக்கியது. ஜப்பான் முழுவதும் இன்று கட்லெட் என்றால் பக்கத்தில் நறுக்கிய முட்டைக்கோஸ் கட்டாயம்.

ரொட்டிக்குப் பதில் சோறு வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டபோது, தட்டையான பீங்கான் தட்டில் சோற்றைப் பரப்பி வைத்தார்கள். கிண்ணமும் குச்சியும் பழகியவர்களுக்கு, தட்டில் சோறும் கையில் முள்கரண்டியும் என்பது ஒரு புதுமை. பாதி தெரிந்தது, பாதி தெரியாதது என்ற நிலையில் சரக்கைக் கொடுத்தால் வாடிக்கையாளர் பயப்படாமல் வாங்குவார். சோறு அவருக்குத் தெரியும். கட்லெட்தான் புதிது.

உள்ளே நுழைந்தால்

சரக்கு எடுக்கவும் கண்காட்சி பார்க்கவும் ஜப்பான் போய் வரும் அன்பர்களுக்காக, இத்தகைய கடையில் சாப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறோம்.

கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் சாப்பாட்டுத் தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவை நிஜமல்ல, மாதிரிகள். பக்கத்தில் விலைச் சீட்டு இருக்கும். தாகிஸோ இவாசாகி என்பவர் 1932-இல் ஒசாகாவில் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார். மெழுகில் அவர் முதலில் செய்து காட்டிப் புகழ் பெற்றது ஓர் ஆம்லெட்! பிற்காலத்தில் மெழுகு போய்ப் பிளாஸ்டிக் வந்தது. பெயர் தெரியாத பண்டத்தை வாசலிலேயே கண்ணால் காட்டி, விலையையும் சொல்லிவிடும் இந்த ஏற்பாட்டால், உள்ளே வருபவருக்குத் தயக்கம் இருப்பதில்லை. மொழி தெரியாத வெளிநாட்டவரும் விரலால் சுட்டிக் காட்டிவிடலாம்.

உட்கார்ந்ததும் குளிர்ந்த தண்ணீரும், கை துடைக்க ஈரத்துணியும் வரும். இவற்றுக்குக் காசு இல்லை. கட்லெட் போன்ற பண்டத்தைச் சொன்னால், “சோறா, ரொட்டியா?” என்று கேட்பார்கள். சோறு தட்டில் வரும். யோஷோகு கடையில் கட்லெட்டை முழுதாக வைத்துக் கத்தியும் முள்கரண்டியும் தருவது பழைய வழக்கம். இதிலிருந்து பிரிந்து வளர்ந்த ‘தோன்காட்ஸு’ கடைகளில் அதையே கனமான துண்டாகப் பொரித்து, முன்கூட்டியே நறுக்கி, குச்சியால் எடுத்துச் சாப்பிடும்படி தருகிறார்கள். மேசை மேல் சாஸ் புட்டி இருக்கும். வேண்டியதை ஊற்றிக்கொள்ளலாம்.

மதியம் 11 மணியை ஒட்டித் திறந்து, 2 அல்லது 3 மணிக்கு மூடி, மாலையில் மீண்டும் திறப்பது பல குடும்பக் கடைகளின் வழக்கம். மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். நேரம் தவறிப் போனால் எவ்வளவு பெரிய மனிதரானாலும் சாப்பாடு கிடைக்காது. பணத்தைப் பெரும்பாலும் வாசலருகே உள்ள கல்லாவில், அதற்கென்று வைத்த சிறு தட்டில் வைக்க வேண்டும். ரொக்கம் மட்டுமே வாங்கும் பழைய கடைகள் இன்னும் உண்டு. டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் கிடையாது. மேசையில் காசை வைத்துவிட்டு வந்தால், மறந்து விட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். புறப்படும்போது “கோச்சிசோசாமா” என்று சொல்வது மரியாதை. விருந்துக்கு நன்றி என்பது அதன் கருத்து.

வரி பற்றியும் ஒன்று குறிப்பிட வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அங்கே சில்லறை விற்பனை விலையை, நுகர்வு வரியையும் சேர்த்து மொத்தமாகக் காட்ட வேண்டும் என்பது கட்டாயம். விலைப்பட்டியலில் பார்த்த தொகைக்கு மேல் வரி என்று கடைசியில் ஒரு வரி வந்து வாடிக்கையாளரின் முகம் மாறும் நிலை இதனால் குறைகிறது.

சைவ அன்பர்களும், பன்றி, மாட்டிறைச்சி விலக்கியவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உருளைக்கிழங்குக் கொரோக்கேயிலும் கொத்துக்கறி கலந்திருக்கலாம். பழுப்பு நிறக் குழம்பு பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்தது. ஆம்லெட் சோற்றின் உள்ளே கோழி இருக்கும். பொரிக்கும் எண்ணெயே பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். கேட்டு வாங்குவது நல்லது.

வாடிக்கையாளரைக் கவனித்தவர்கள்

ஒசாகாவில் 1922-இல் தொடங்கிய ஒரு சாப்பாட்டுக் கடை பிற்காலத்தில் ‘ஹொக்யோகுசெய்’ என்ற பெயரில் புகழ் பெற்றது. வயிறு சரியில்லாத வாடிக்கையாளர் ஒருவர் தினமும் வந்து ஆம்லெட்டும் வெறும் சோறும் மட்டும் சாப்பிட்டுப் போவாராம். தினமும் ஒரே சாப்பாடு சலிக்குமே என்று எண்ணிய கடைக்காரர், 1925-இல் ஒரு நாள், தக்காளிக் கேட்சப் சேர்த்துக் கிளறிய சோற்றை மெல்லிய ஆம்லெட்டில் பொதிந்து கொடுத்தார் என்பது அந்தக் கடையின் வரலாறு. இதுதான் ‘ஓமுரைஸ்’. டோக்கியோவின் ரெங்காதேய்க்கும் தனக்கென்று ஒரு ஓமுரைஸ் உண்டு. அது முட்டையையும் சோற்றையும் ஒன்றாகக் கலந்து செய்வது. வேலையாட்கள் அவசரமாகச் சாப்பிடுவதற்காகச் செய்துகொண்ட அந்தப் பண்டத்தைப் பார்த்து, எங்களுக்கும் அதையே கொடுங்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்கினார்கள். எந்தக் கடை முதலில் செய்தது என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு இடத்திலும் புதிய சரக்கு பிறந்தது, எதிரில் இருந்தவரைக் கவனித்ததால்தான்.

இன்னொரு சம்பவம் குடும்பக் கடையைச் சேர்ந்ததல்ல என்றாலும், வணிகர் எவரும் அறிய வேண்டியது. ஒசாகாவின் உமேதா ரயில் நிலையத்தில் 1929-இல் ஹான்கியூ பல்பொருள் அங்காடி திறக்கப்பட்டது. அதை நிறுவியவர் கொபயாஷி இச்சிஸோ. அங்காடியின் சாப்பாட்டுக் கூடத்தில் குழம்புச் சோறு பெயர் பெற்றது. அப்போது உலகமெங்கும் பொருளாதார மந்தம். கையில் காசில்லாத வாலிபர்கள் சோறு மட்டும் வாங்கி, மேசை மேலிருந்த இலவச சாஸை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வேறு எந்த முதலாளியும் சாஸ் புட்டியை எடுத்து உள்ளே வைத்திருப்பார். கொபயாஷியோ, சோறு மட்டும் வாங்குபவர்களை வரவேற்கிறோம் என்று விளம்பரமே செய்தார். இன்று இவர்களிடம் பணம் இல்லை, நாளை திருமணமாகிக் குழந்தை குட்டிகளோடு இதே இடத்தைத் தேடி வருவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. அவர் அன்று கொடுத்த சாஸ் செலவை விளம்பரச் செலவில் எழுதுவதா, வாடிக்கையாளர் மேல் போட்ட முதலீடு என்று எழுதுவதா என்பதை நம் கணக்கர்கள்தான் சொல்ல வேண்டும்.

மொத்த வியாபாரிக்குக் கிடைத்தது

சாப்பாட்டுக் கடைக்காரரின் கதை மட்டும் அல்ல இது. ஒரு புதிய பண்டம் ஊரில் பரவினால், அதற்கு வேண்டிய சரக்கு முழுவதும் மளிகைக் கடைக்கும் மொத்தக் கடைக்கும் வந்து சேர்கிறது.

டோக்கியோவில் 1902-இல் உணவுப் பொருள் மொத்த வியாபாரமாகத் தொடங்கிய ஒரு நிறுவனம், 1905-இல் சாஸ் தயாரிப்பில் இறங்கியது. அதுதான் இன்று ஜப்பானின் வீட்டு அலமாரிகளில் காணப்படும் ‘புல்டாக்’ சாஸ். மொத்த வியாபாரி தன்னிடம் எது அதிகம் ஓடுகிறது என்று பார்த்து, அதைத் தானே தயாரிக்கத் தொடங்கிய கதை இது. கானியே இச்சிதாரோ என்ற விவசாயி 1899-இல் மேல்நாட்டுக் காய்கறிகளைப் பயிரிட ஆரம்பித்தார். தக்காளி மட்டும் விற்கவில்லை. அதன் வாசனை மக்களுக்குப் பிடிக்கவில்லை. விற்காத தக்காளியை 1903-இல் சாஸாகவும், 1908-இல் கேட்சப்பாகவும் ஆக்கினார். ‘ககோமே’ என்ற பெரிய நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. ஓமுரைஸுக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது அந்தக் கேட்சப்தான்.

குழம்புத் தூள் முதலில் இங்கிலாந்திலிருந்து டப்பாவில் வந்தது. அதாவது நம் மசாலா லண்டன் போய், பெயர் மாறி, ஜப்பானில் இறங்கியது. யாமாசாகி மினேஜிரோ என்பவர் 1923-இல் உள்நாட்டிலேயே தூள் தயாரித்து வெற்றி கண்டார். இன்றைய ‘எஸ் அண்ட் பி’ நிறுவனம் அவருடையது. 1925-இல் ‘க்யூபி’ மயோனைஸ் சந்தைக்கு வந்தது. கட்லெட்டுக்கு வேண்டிய ரொட்டித்தூள் ‘பாங்கோ’ என்ற பெயரில் இன்று உலகமெங்கும் ஏற்றுமதியாகிறது. அதில் ‘பான்’ என்பது ரொட்டியைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பதும் அதே சொல்தான்.

இவை எல்லாம் கடையில் ருசி பார்த்தவர்கள் வீட்டில் செய்து பார்க்க விரும்பியதால் விற்றவை. சாப்பாட்டுக் கடை என்பது மளிகைக் கடைக்கு ஒரு விளம்பரப் பலகை என்று இதனால் தெரிகிறது.

டோக்கியோவில் இந்தியக் குழம்பு

இந்தக் கதையில் இந்தியருக்கும் ஓர் இடம் உண்டு. ஷிஞ்சுகு பகுதியில் ‘நாகமுராயா’ என்று ஒரு ரொட்டிக் கடை. அதை நடத்தியவர்கள் சோமா தம்பதியர். ஆங்கில அரசு தேடிக்கொண்டிருந்த இந்தியப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் 1915-இல் அவர்களிடம் தஞ்சம் புகுந்தார். அவர்கள் மகள் தோஷிகோவை 1918-இல் மணந்தார். 1927-இல் ரொட்டிக் கடையோடு சாப்பாட்டுப் பகுதி ஒன்றைத் திறந்தபோது, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய ஆங்கிலேயக் குழம்பு இந்தியக் குழம்பே அல்ல என்று சொல்லி, உண்மையான இந்தியக் கோழிக் குழம்பைப் போஸ் அறிமுகப்படுத்தினார்.

அப்போது தெருக்கடைகளில் குழம்புச் சோறு 10 முதல் 12 சென். நாகமுராயா வைத்த விலை 80 சென்! எலும்போடு கூடிய கோழியும் மசாலா வாசனையும் முதலில் பலருக்குப் பிடிக்கவில்லை. இந்திய அரிசியும் ஒத்துவரவில்லை. அரிசியை ஜப்பானிய அரிசியாக மாற்றினார்கள். நல்ல கோழிக்காகத் தாங்களே பண்ணை வைத்தார்கள். மசாலாவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டு மடங்கு விலையிலும் அது விற்றது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து சென்று, இந்திய விடுதலைக்காக ஜப்பானில் பாடுபட்ட ஏ.எம்.நாயர் 1949-இல் கின்சாவில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தார். மகன், பேரன் என்று மூன்றாம் தலைமுறையும் அதில் நின்றிருக்கிறது. அந்தக் குடும்பம் குழம்புத் தூளையும் டப்பாவில் அடைத்து விற்றது. கடையும் நடந்தது, மொத்த வியாபாரமும் நடந்தது.

‘நோரென்’ என்ற துணி

ஜப்பானியக் கடை வாசலில் கடையின் பெயரோ முத்திரையோ பொறித்த துணித் திரை தொங்கும். அதன் பெயர் ‘நோரென்’. கடை திறந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். காலப்போக்கில் அந்தச் சொல்லுக்குக் கடையின் நற்பெயர் என்ற பொருளும் வந்தது. இன்று ஜப்பானியக் கணக்குப் பதிவியலில், ஒரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் நற்பெயருக்காகக் கூடுதலாகத் தரும் தொகையையே ‘நோரென்’ என்றுதான் எழுதுகிறார்கள். வாசலில் தொங்கிய துணி ஐந்தொகையில் சொத்தாக ஏறிவிட்டது!

‘நோரென்-வாகே’ என்று ஒரு வழக்கமும் உண்டு. பல ஆண்டுகள் உண்மையாக உழைத்துத் தொழில் கற்ற வேலையாளுக்கு, அதே பெயரைப் பயன்படுத்தித் தனிக் கடை வைத்துக்கொள்ள முதலாளி அனுமதி தருவது அது. பிள்ளைக்கு விருப்பம் இல்லாத இடத்திலும் கைப்பக்குவமும் பெயரும் அழியாமல் இருக்க இது உதவியது.

ஆனாலும் அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. படித்த பிள்ளைகள் அலுவலக வேலைக்குப் போகிறார்கள். வயதான தம்பதியர் மட்டும் சமையலறையில் நிற்கிறார்கள். வாடகை ஏறுகிறது, பழைய கட்டிடங்கள் இடிபடுகின்றன, சங்கிலித் தொடர் உணவகங்கள் மலிவாகத் தருகின்றன. வாடிக்கையாளர் இருந்தும், லாபம் இருந்தும், அடுத்து நிற்க ஆள் இல்லாமல் மூடப்படும் கடைகள் அங்கே ஏராளம். நம் கடைத்தெருவிலும் இந்தக் குரல் கேட்கத் தொடங்கி வெகு காலம் ஆகிறது.

நம் ஊருக்கு என்ன?

இப்போது நம் ஊரைப் பார்ப்போம். புதுச்சேரியில் ஜப்பானின் யோஷோகுக்கு இணையான ஒரு சமையல் உண்டு. பிரெஞ்சு முறையும் தமிழ்நாட்டு மசாலாவும் கலந்த கிரியோல் சமையல் அது. இஞ்சி பூண்டும் மஞ்சளும் சேர்த்த மீன் சூப், தேங்காய்ப் பால் ஊற்றிய இறைச்சிப் பக்குவங்கள், கிறிஸ்துமஸ் காலத்தில் ரவையும் ரம்மில் ஊறிய முந்திரி, திராட்சையும் சேர்த்துச் செய்யும் விவிக்கம் கேக் என்று அதன் பட்டியல் நீளும். பிரெஞ்சு ஆட்சியில் உத்தியோகத்துக்காக சைகோன் சென்று திரும்பிய குடும்பங்கள் கொண்டு வந்த ‘சாயோ’ என்ற வியட்நாம் சுருளும் இதில் அடக்கம்.

வேற்றுமை ஒன்றுதான். ஜப்பானில் இந்தக் கலப்புச் சமையல் தெருக்கடைக்கு வந்தது. நம் ஊரில் அது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. பாட்டிமார் கைப்பக்குவமாக இருந்தது, அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. குடும்பங்கள் பிரான்சுக்குக் குடியேறும்போது அதுவும் கப்பலேறிவிடுகிறது. சுற்றுலா வருபவர் கடற்கரைச் சாலையில் பீட்சா சாப்பிட்டுவிட்டு, புதுச்சேரிச் சாப்பாடு சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டு போகிறார்.

இதில் நாம் கைவிட்ட வியாபாரம் எவ்வளவு என்பதற்கு வடகமே சாட்சி. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை இவற்றை இடித்துப் பிசைந்து, சித்திரை, வைகாசி வெயிலில் உருட்டிக் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைக்கும் நம் தாளிப்பு வடகம், பிரெஞ்சுக்காரர் வாயில் ‘வதுவான்’ ஆகிவிட்டது. இன்று அயல்நாட்டுச் சமையல் மாஸ்டர்கள் அதை உயர்ந்த மசாலாவாகக் கொண்டாடுகிறார்கள். அழகான சிறு டப்பாக்களில் அங்குள்ள நிறுவனங்கள் அதை விற்கின்றன. குபேர் அங்காடியில் அதே வடகம் காகிதத்தில் மடித்துத் தரப்படுகிறது. அதன் மேல் ஊர் பெயர் இல்லை, கடை பெயர் இல்லை.

எனவே வணிக அன்பர்கள் சில காரியங்களை யோசிக்கலாம்.

முதலாவது, சாப்பாட்டுக் கடை நடத்துபவர்கள் புதுச்சேரி வீட்டுச் சமையலில் இரண்டு அல்லது மூன்று பண்டங்களை மட்டும் தேர்ந்து, சோற்றோடு சேர்த்து, நடுத்தர வருவாயினருக்கு எட்டும் விலையில் மதியச் சாப்பாடாகத் தந்து பார்க்கலாம். நீண்ட பட்டியல் வேண்டாம். மூன்று பண்டங்களில் பெயர் வாங்கினால் போதும்.

இரண்டாவது, பெயர் தெரியாத பண்டத்தை வாசலிலேயே காட்டுங்கள். மெழுகு மாதிரி இல்லாவிட்டால் நல்ல புகைப்படமும், கீழே தமிழில் இரண்டு வரி விளக்கமும், வரி சேர்ந்த விலையும் இருக்கட்டும்.

மூன்றாவது, மளிகை, மொத்த வியாபாரிகள் அந்தப் பண்டங்களுக்கு வேண்டிய மசாலாவை, வடகத்தை, ஊறுகாயை, ஊரின் பெயரோடும் தங்கள் கடை முத்திரையோடும் சுத்தமாகக் கட்டி விற்கலாம். உணவுப் பாதுகாப்பு உரிமம், தயாரித்த தேதி, எடை ஆகியவை சட்டப்படி அதில் இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வெளியே வருபவர் கல்லாவிலேயே ஒரு பொட்டலம் வாங்கிப் போகும்படி, சாப்பாட்டுக் கடைக்காரரும் மளிகைக்காரரும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, பக்குவத்தை எழுதி வையுங்கள். அளவு, நேரம், சரக்கு வாங்கும் இடம், தரம் பார்க்கும் விதம் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் அவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால், இருபது ஆண்டுகள் உங்களோடு உழைத்த வேலையாளுக்குப் பெயரைப் பகிர்ந்து கொடுப்பதில் தவறில்லை. அதையும் வாய்ப் பேச்சாக விடாமல், பங்கு என்ன, பெயரைப் பயன்படுத்தும் நிபந்தனை என்ன என்று பத்திரமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ரெங்காதேய் தொடங்கிய 1895-இல், அதைவிடப் பெரிய முதலோடு தொடங்கிய கடைகள் கின்சாவில் எத்தனையோ இருந்திருக்கும். வாடிக்கையாளர் ரொட்டி வேண்டாம், சோறு கொடுங்கள் என்று கேட்ட அன்று, இது மேல்நாட்டு வழக்கமல்ல என்று மறுக்காமல் உள்ளே போய்ச் சோறு வடித்த கடை அது. நம் வாடிக்கையாளர்களும் தினமும் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.